எழுத்துக்கு இடும் அடையாளம்

பத்தாம் வகுப்பு, ‘அ’ பிரிவு

முன்னுரை

விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவி ஒவ்வொருத்திக்கும் ஓர் எண் உண்டு. பாவாடை, சட்டை, துண்டு, தலையணை உறை என எல்லாவற்றிலும் அந்த எண்ணை அம்மா வண்ண நூலால் தைத்துக் கொடுத்திருப்பார். அதற்கும் முற்பட்ட காலத்தில், ஊர்த் துணிகளை வெளுத்துக் கொடுத்த சலவைத் தொழிலாளர்கள் சேராங்கொட்டையின் சாற்றைத் தொட்டுத் துணியின் ஓரத்தில் ஒரு சிறு குறி இடுவார்கள். பல வீட்டுத் துணிகள் ஒரே வெள்ளாவியில் வெந்து, ஒரே கல்லில் அடிபட்டு வந்தாலும் அந்தக் குறி அழியாது. எந்தத் துணி எந்த வீட்டினது என்பதை அது தவறாமல் சொல்லிவிடும்.

துணி கண்ணுக்குத் தெரியும். ஆகவே அதற்கு அடையாளம் இடுவது எளிது. கண்ணுக்குத் தெரியாத ஒரு பொருளுக்கு அடையாளம் இட வேண்டுமானால் என்ன செய்வது? உயிரணுவின் உட்கருவில் உள்ள டி.என்.ஏ. இழையின் குறுக்களவு சுமார் 2 நானோமீட்டர்தான். நம் தலைமயிர் ஒன்றின் தடிமனுக்கு ஈடாக வேண்டுமானால், ஏறத்தாழ 40,000 டி.என்.ஏ. இழைகளைப் பக்கம் பக்கமாக அடுக்க வேண்டும்! அத்தகைய இழையில் உள்ள எழுத்து ஒன்றுக்கு விஞ்ஞானிகள் அடையாளம் இடுகிறார்கள். அதைக் கொண்டு நோயையும் கண்டறிகிறார்கள். இது எங்ஙனம் இயலும் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

நான்கு எழுத்துகள்

டி.என்.ஏ. என்பது நியூக்ளியோடைடுகளால் ஆன நீண்ட சங்கிலி என்று நம் பாடநூலில் படிக்கிறோம். ஒவ்வொரு நியூக்ளியோடைடுக்கும் மூன்று உறுப்புகள் உண்டு. ஒன்று, டீஆக்ஸிரிபோஸ் என்னும் சர்க்கரை. இரண்டு, பாஸ்பேட். மூன்று, நைட்ரஜன் காரம். சர்க்கரையும் பாஸ்பேட்டும் மாறி மாறி இணைந்து சங்கிலியின் முதுகெலும்பாகின்றன. அடினைன், தைமின், குவானைன், சைட்டோசைன் ஆகிய நான்கு காரங்களே எழுத்துகள்.

இந்த எழுத்துகள் தம் இணையை மட்டுமே சேரும். அடினைன் தைமினோடு இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகளாலும், குவானைன் சைட்டோசைனோடு மூன்று ஹைட்ரஜன் பிணைப்புகளாலும் கைகோத்துக் கொள்ளும். ஆகவே ஒரு சிறு டி.என்.ஏ. துண்டை நாம் தயாரித்து, ஒற்றை இழைகளாகப் பிரித்த டி.என்.ஏ. உள்ள கரைசலில் இட்டால், அது பல கோடி எழுத்துகளுக்கு இடையே தன் இணையான வரிசையைத் தேடிச்சென்று ஒட்டிக்கொள்ளும். இதனை ‘தேடுதுண்டு’ என்று கூறலாம். விஞ்ஞானிகள் ‘புரோப்’ என்பார்கள்.

தேடுதுண்டு தன் இணையைக் கண்டுபிடித்துவிட்டது. ஆனால் கண்டுபிடித்துவிட்டேன் என்று நமக்குச் சொல்ல அதற்கு வாய் இல்லையே! அந்த வாயாக அமைவதுதான் அடையாளம்.

நல்ல அடையாளத்தின் இலக்கணம்

ஓர் அடையாளம் நல்ல அடையாளம் எனப்பட வேண்டுமானால் அது நான்கு இலக்கணங்களுக்கு உட்பட வேண்டும்.

1. அது எளிதில் கழன்று போகக் கூடாது.
2. எழுத்து தன் இணையோடு சேர்வதை அது தடுக்கக் கூடாது.
3. மிகச் சிறிய அளவில் இருந்தாலும் அதை நாம் கண்டுகொள்ள முடிய வேண்டும்.
4. இடுகின்றவருக்கு அதனால் தீங்கு நேரக் கூடாது.

இவற்றுள் இரண்டாவதே மிகக் கடினமானது. தோழியரே, ‘க’ என்ற எழுத்தின் நடுவில் ஒரு பெரிய மைப்பொட்டு வைத்தால் அது ‘க’ என்று யார் படிக்க முடியும்? ஆனால் அதே பொட்டை எழுத்தின் அருகில், வெற்றிடத்தில் வைத்தால் எழுத்தும் தெரியும், பொட்டும் தெரியும். நியூக்ளியோடைடில் அத்தகைய வெற்றிடங்கள் எங்கே உள்ளன என்று தேடியதுதான் இந்தத் துறையின் வரலாறு எனலாம்.

கதிர் வீசும் பாஸ்பரஸ்

முதலில் கையாண்ட வழி மிகவும் எளியது. எதையும் புதிதாக ஒட்டவில்லை. பாஸ்பேட்டில் உள்ள சாதாரணப் பாஸ்பரஸ் அணுவுக்குப் பதிலாக அதன் கதிரியக்க ஐசோடோப்பான பாஸ்பரஸ்-32 ஐ வைத்தார்கள். இரண்டும் ஒரே தனிமமாதலால் வேதிப் பண்பில் வேறுபாடு இல்லை. எழுத்தின் வடிவம் ஒரு சிறிதும் மாறாது. ஆனால் அது பீட்டா கதிர்களை வீசும். அதன்மேல் எக்ஸ்-கதிர்ப் படச்சுருளை வைத்து இருட்டில் மூடினால், அடையாளமிட்ட துண்டு இருக்கும் இடத்தில் கறுப்புக் கோடு விழும்.

இந்த அடையாளத்தால் 1952 இல் ஒரு பெரிய கேள்விக்கு விடை கிடைத்தது. பரம்பரைச் செய்தியைச் சுமப்பது புரதமா, டி.என்.ஏ.வா என்பதே அக்கேள்வி. அமெரிக்காவின் கோல்டு ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்தில் ஆல்ஃபிரட் ஹெர்ஷி என்பவரும் மார்த்தா சேஸ் என்ற இளம் பெண்ணும் பாக்டீரியாவைத் தாக்கும் வைரசை ஆராய்ந்தார்கள். புரதத்தில் கந்தகம் உண்டு, பாஸ்பரஸ் இல்லை. டி.என்.ஏ.வில் பாஸ்பரஸ் உண்டு, கந்தகம் இல்லை. ஆகவே சில வைரசுகளின் டி.என்.ஏ.வுக்குப் பாஸ்பரஸ்-32 ஆலும், வேறு சிலவற்றின் புரதத்துக்குக் கந்தகம்-35 ஆலும் அடையாளமிட்டார்கள். வைரஸ் பாக்டீரியாவைத் தாக்கிய பின், நம் சமையலறை மிக்சியைப் போன்ற ஒரு கருவியில் சுழற்றி, வெளியே ஒட்டியிருந்த பகுதியை உதிர்த்தார்கள். உள்ளே சென்றிருந்தது பெரும்பாலும் பாஸ்பரஸ்-32. வெளியே தங்கியது பெரும்பாலும் கந்தகம்-35. செய்தியைச் சுமப்பது டி.என்.ஏ.வே என்று பலரும் ஏற்றுக்கொள்ள இச்சோதனை உதவியது. அப்போது மார்த்தா சேசுக்கு 25 வயதுகூட நிரம்பவில்லை என்பது நம்மைப் போன்ற மாணவியர் நினைவில் கொள்ளத்தக்கது. ஹெர்ஷி 1969 இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். மார்த்தா சேசுக்கு அது கிடைக்கவில்லை.

மூன்று பாஸ்பேட்டுகளில் எது?

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். சங்கிலியில் சேரும் முன் ஒவ்வொரு நியூக்ளியோடைடிலும் ஒன்றல்ல, மூன்று பாஸ்பேட்டுகள் வரிசையாக இருக்கும். சர்க்கரையை ஒட்டியிருப்பது ஆல்ஃபா, நடுவில் இருப்பது பீட்டா, கடைசியில் இருப்பது காமா. பாலிமரேஸ் என்னும் நொதி அந்த நியூக்ளியோடைடைச் சங்கிலியில் கோக்கும்போது பீட்டா, காமா ஆகிய இரண்டும் சேர்ந்து கழன்று போய்விடும். ஆல்ஃபா மட்டுமே சங்கிலியில் தங்கும்.

எனவே கதிரியக்க அணுவைக் காமா பாஸ்பேட்டில் வைத்துவிட்டுப் பாலிமரேசிடம் கொடுத்தால் என்ன ஆகும்? அடையாளம் முழுவதும் கழிவோடு போய்விடும். சங்கிலியில் ஒன்றும் மிஞ்சாது. சங்கிலி நெடுகிலும் அடையாளம் வேண்டுமானால் ஆல்ஃபாவில்தான் வைக்க வேண்டும். 1977 இலும் 1983 இலும் வெளியான இரு புகழ்பெற்ற முறைகள் இவ்வாறே செய்கின்றன. முதல் முறையில், இரட்டை இழையில் சிறு வெட்டுகள் உண்டாக்கி, அங்கிருந்து பழைய எழுத்துகளை நீக்கிக்கொண்டே புதிய எழுத்துகளைக் கோப்பார்கள். இரண்டாம் முறையில், ஆறேழு எழுத்துகள் கொண்ட பலவகைச் சிறு துண்டுகளை ஒற்றை இழையின் மேல் ஆங்காங்கே ஒட்டவிட்டு, அவற்றிலிருந்து புதிய இழையை வளர்ப்பார்கள்.

காமா பாஸ்பேட்டுக்கும் பயன் இல்லாமல் இல்லை. டி4 என்ற வைரசிலிருந்து கிடைக்கும் கைனேஸ் நொதி, ஏ.டி.பி.யின் காமா பாஸ்பேட்டை எடுத்து டி.என்.ஏ. இழையின் 5 ஆம் முனையில் வைக்கும். இழையின் நுனிக்கு மட்டும் அடையாளம் வேண்டும்போது காமாவே ஏற்றது. ஒரே அணு, ஒரே மூலக்கூறு. இடம் மாறினால் பயனும் மாறிவிடுகிறது பாருங்கள்.

கையைச் சுட்ட அடையாளம்

சேராங்கொட்டைச் சாறு கையில் பட்டால் கொப்புளிக்கும் என்பது பாட்டிமார்களுக்குத் தெரியும். பாஸ்பரஸ்-32 இன் நிலையும் அத்தகையதே. முதல் மூன்று இலக்கணங்களில் சிறந்து விளங்கிய அது, நான்காவதில் தோற்றது. அதன் பீட்டா கதிர்கள் ஆற்றல் மிக்கவை. ஆகவே ஆய்வாளர்கள் சுமார் 1 சென்டிமீட்டர் தடிமனுள்ள அக்ரிலிக் பலகைக்குப் பின்னால் நின்று வேலை செய்ய வேண்டும். ‘ஈயத் தகடு இன்னும் வலியதாயிற்றே, அதை வைக்கலாமே’ என்று நமக்குத் தோன்றும். ஆனால் ஆற்றல் மிக்க பீட்டா துகள்கள் ஈயத்தில் மோதி நிற்கும்போது எக்ஸ்-கதிர்கள் உண்டாகும். எனவே ஈயத்தை முதல் தடுப்பாக வைப்பது தீமையாக முடியும். இலேசான அக்ரிலிக்கே இங்குச் சிறந்த காவல்.

மற்றொரு குறை, அதன் அரை ஆயுட்காலம் 14.3 நாள்கள் என்பது. இரண்டு வாரத்தில் அடையாளத்தின் வலிமை பாதியாகிவிடும். ஒரு மாதத்தில் கால்பங்கே மிஞ்சும். நாம் கணக்குப் பாடத்தில் செய்வதுபோல் 1/2 ஐ 10 முறை பெருக்கிப் பார்த்தால் 1/1024 வரும். அதாவது 143 நாள்களில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் எஞ்சும். கழிவைப் பாதுகாத்து வைப்போருக்கு இது நல்ல செய்தி. அடையாளமிட்ட துண்டைச் சேமித்து வைக்க விரும்புவோருக்கோ கெட்ட செய்தி. பெரிய ஆய்வகங்களால் இவற்றைச் சமாளிக்க முடிந்தது. சிறிய மருத்துவமனைகள் என்ன செய்யும்? கதிரியக்கம் இல்லாத அடையாளம் தேவைப்பட்டது.

ஐந்தாம் கார்பன் என்னும் மூலை

1981 இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லாங்கர், வால்ட்ராப், வார்ட் ஆகிய மூவர் ஒரு வழியை வெளியிட்டார்கள். பாஸ்பேட்டை விட்டுவிட்டுக் காரத்திலேயே அடையாளத்தை ஒட்டலாம் என்றார்கள். காரம்தானே எழுத்து? எழுத்தின் மேலேயே பொட்டு வைத்தால் படிக்க முடியுமா?

இங்கேதான் தைமினின் அமைப்பைக் கூர்ந்து பார்க்க வேண்டும். தைமின் வளையம் ஆறு அணுக்களால் ஆனது. அடினைனோடு கைகோப்பதற்கு 3 ஆம், 4 ஆம் இடங்கள் பயன்படுகின்றன. 5 ஆம் கார்பனுக்கு அதில் வேலையே இல்லை. அது இரட்டைச் சுருளின் பெரிய பள்ளத்தை நோக்கி வெளிப்புறமாக நிற்கிறது. மேலும், தைமினில் அந்த 5 ஆம் கார்பனில் ஒரு மெத்தில் தொகுதி இயல்பாகவே உள்ளது. அதாவது, இயற்கையே அந்த மூலையில் ஒரு சிறு முளையை வைத்திருக்கிறது. பாலிமரேஸ் நொதி அந்த முளைக்குப் பழகிப்போனது. எனவே அங்கே வேறொன்றை வைத்தாலும் அது பெரும்பாலும் பொறுத்துக்கொள்கிறது.

அவர்கள் செய்த வேதியியல் மூன்று படிகள் கொண்டது. யூராசில் காரத்தில் 5 ஆம் கார்பனில் ஹைட்ரஜன் மட்டுமே உள்ளது. முதற்படியில், மெர்குரிக் அசிட்டேட்டைச் சேர்த்து அந்த ஹைட்ரஜன் இருந்த இடத்தில் பாதரசத்தை அமர்த்தினார்கள். இரண்டாம் படியில், பல்லேடியத்தின் உதவியால் பாதரசத்தை நீக்கிவிட்டு அல்லைலமீன் என்னும் சிறு கார்பன் சங்கிலியை வைத்தார்கள். இச்சங்கிலியின் நுனியில் ஓர் அமீன் தொகுதி உண்டு. அது கொக்கி போன்றது. மூன்றாம் படியில், அமீனோடு எளிதில் வினைபுரியும்படி எஸ்டராக மாற்றப்பட்ட பயோட்டினை அந்தக் கொக்கியில் மாட்டினார்கள்.

இம்முறையின் அருமை என்னவென்றால், கொக்கி ஒன்றுதான்; மாட்டும் பொருள் எதுவாகவும் இருக்கலாம். பயோட்டினும் மாட்டலாம், ஒளிரும் சாயமும் மாட்டலாம். கொக்கிக்கும் வளையத்துக்கும் இடையிலுள்ள சங்கிலியின் நீளமும் முக்கியம். மிகக் குட்டையாக இருந்தால் அடையாளம் சுருளின் பள்ளத்துக்குள் மறைந்துகொள்ளும். ஆகவே பின்னர் 11 அணு, 16 அணு நீளமுள்ள சங்கிலிகளையும் செய்தார்கள்.

முட்டை வெண்கருவும் ஒரு பூச்செடியும்

பயோட்டின் என்பது பி குழுவைச் சேர்ந்த ஒரு வைட்டமின். அதை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்? கோழி முட்டையின் வெண்கருவில் அவிடின் என்ற புரதம் உண்டு. அது பயோட்டினைக் கண்டால் விடவே விடாது. சகப்பிணைப்பு இல்லாமலே இத்துணை உறுதியாகப் பற்றும் இணைகள் இயற்கையில் மிக அரிது. ஓர் அவிடின் நான்கு பயோட்டின்களைப் பற்றும். பச்சை முட்டையை நாள்தோறும் அளவின்றி உண்டால் பயோட்டின் குறைபாடு வரலாம் என்பதற்கும் இதுவே காரணம். வேகவைத்த முட்டையில் அவிடின் தன் இயல்பை இழந்துவிடுவதால் அந்த அச்சம் இல்லை.

அவிடினோடு ஒரு நொதியை முன்கூட்டியே இணைத்து வைத்துக்கொள்வார்கள். தேடுதுண்டு தன் இணையைச் சேர்ந்தபின் அவிடினைச் சேர்த்தால், அது பயோட்டின் உள்ள இடத்தைப் பற்றிக்கொள்ளும். பிறகு நிறமற்ற ஒரு வேதிப்பொருளைச் சேர்த்தால் நொதி அதை நிறமுள்ளதாக மாற்றும். ஊதாநிறப் பொட்டு ஒன்று கண்ணுக்கு நேரே தோன்றும். படச்சுருளும் வேண்டாம், அக்ரிலிக் பலகையும் வேண்டாம்.

ஆயினும் ஒரு சிக்கல் எழுந்தது. பயோட்டின் வைட்டமின் ஆதலால் ஈரல், சிறுநீரகம் முதலிய உறுப்புகளில் இயல்பாகவே மிகுதியாக உள்ளது. அவ்வுறுப்புகளைச் சோதிக்கும்போது, அடையாளம் இடாத இடத்திலும் நிறம் தோன்றிவிடும். எனவே விலங்குகளின் உடலில் இல்லாத ஒரு பொருளைத் தேடினார்கள். டிஜிடாலிஸ் என்ற அழகிய பூச்செடியிலிருந்து கிடைக்கும் டிஜாக்ஸிஜெனின் அதற்கு உதவியது. அதே ஐந்தாம் கார்பனில் அதனை மாட்டி, செம்மறியாட்டிலிருந்து பெற்ற எதிர்ப்பொருளைக் கொண்டு கண்டறிகிறார்கள். ஒரு முட்டை, ஒரு செடி, ஓர் ஆடு என்று இறைவன் படைத்த உயிர்கள் ஒன்றன் இரகசியத்தை மற்றொன்று வெளிப்படுத்துவது வியப்புக்குரியதன்றோ?

ஆர்.என்.ஏ.வுக்கு ஒரு தனி வழி

ஆர்.என்.ஏ.வின் சர்க்கரை ரிபோஸ். டி.என்.ஏ.வின் சர்க்கரையில் இல்லாத ஒரு ஹைட்ராக்ஸில் தொகுதி அதன் 2 ஆம் கார்பனில் உள்ளது. இதனால் ஆர்.என்.ஏ. இழையின் 3 ஆம் முனையில் மட்டும் 2 ஆம், 3 ஆம் கார்பன்களில் இரு ஹைட்ராக்ஸில்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். சோடியம் பெரியோடேட் இத்தகைய இணையைக் கண்டால் அவற்றுக்கிடையே உள்ள கார்பன் பிணைப்பை வெட்டி இரண்டு ஆல்டிஹைடுகளாக மாற்றும். ஆல்டிஹைடோடு ஹைட்ரசைடு எளிதில் வினைபுரியும் என்பதால், ஹைட்ரசைடு வால் கொண்ட பயோட்டினையோ சாயத்தையோ அங்கே ஒட்டிவிடலாம். இழையின் நடுவில் உள்ள 3 ஆம் கார்பன்கள் பாஸ்பேட்டோடு பிணைந்திருப்பதால் அங்கே வெட்டு விழாது. நொதி ஏதுமின்றி வேதியியலால் மட்டுமே, இழைக்கு ஒன்று என்ற கணக்கில் அடையாளம் இடும் நேர்த்தியான முறை இது.

நான்கு நிறங்களும் ஒரு வாசிப்பும்

டி.என்.ஏ.வின் எழுத்து வரிசையைப் படிக்கும் முறையை ஃபிரெடரிக் சாங்கர் 1977 இல் வெளியிட்டார். தொடக்கத்தில் கதிரியக்க அடையாளத்தோடு, ஒவ்வோர் எழுத்துக்கும் ஒன்றாக நான்கு குழாய்களில் தனித்தனியே வினையை நடத்த வேண்டியிருந்தது. 1986 இல் கலிஃபோர்னியாவில் லீராய் ஹூட், லாயிட் ஸ்மித் முதலியோர் நான்கு எழுத்துக்கும் நான்கு நிறத்தில் ஒளிரும் சாயங்களைப் பயன்படுத்தினார்கள். படச்சுருளில் விழுந்த கறுப்புக் கோடுகளை ஒவ்வொன்றாக எண்ணிய வேலையைக் கருவியே நிறம் பார்த்துச் செய்தது. மனிதனின் 300 கோடி எழுத்துகளைப் படிக்கும் பெருந்திட்டம் 1990 இல் தொடங்கி 2003 இல் நிறைவு பெற்றதாக அறிவிக்கப்பட்டதற்கு இந்தச் சாயங்களே பெருந்துணை.

அடுத்த படியில் சென்னையில் பிறந்த ஒருவருக்குப் பெரும் பங்கு உண்டு. 1966 இல் சென்னையில் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே இங்கிலாந்து சென்ற சங்கர் பாலசுப்பிரமணியன் கேம்பிரிட்ஜில் வேதியியல் பேராசிரியர். அவரும் டேவிட் கிளெனர்மனும் வகுத்த முறையில், அடையாளத்துக்கு ஒரு புதிய குணம் சேர்ந்தது. அது, வேண்டும்போது கழன்றுவிட வேண்டும்! ஒவ்வொரு நியூக்ளியோடைடிலும் ஒரு சாயமும், 3 ஆம் முனையில் ஒரு பூட்டும் இருக்கும். பூட்டு இருப்பதால் ஒரு நேரத்தில் ஓர் எழுத்து மட்டுமே சேரும். கருவி அதன் நிறத்தைப் படம் பிடிக்கும். பிறகு பாஸ்பீன் வகை வேதிப்பொருள் ஒன்று பூட்டையும் சாயத்தையும் சேர்த்தே நீக்கிவிடும். அடுத்த எழுத்து வரும். இவ்வாறு பல கோடித் துண்டுகளை ஒரே நேரத்தில் படிக்க முடிகிறது. கழன்று போகக் கூடாது என்று நாம் முதலில் வகுத்த இலக்கணம், வேளை வரும்வரை கழலக் கூடாது என்று திருந்தியது.

சொடுக்கு வேதியியல்

உடலில் எந்த உயிரணுக்கள் பெருகுகின்றன என்பதை அறிய ஒரு வழி, அவற்றுக்கு அடையாளமிட்ட தைமிடினைக் கொடுப்பது. பெருகும் அணு புதிய டி.என்.ஏ. செய்வதால் அதை எடுத்துக்கொள்ளும். முன்பு மெத்திலுக்குப் பதிலாக அதே அளவான புரோமினை ஐந்தாம் கார்பனில் வைத்தார்கள். ஆனால் அதைக் கண்டறியும் எதிர்ப்பொருள் மிகப் பெரியது; இரட்டைச் சுருளுக்குள் அதனால் நுழைய இயலாது. எனவே அமிலம் முதலியவற்றால் சுருளைப் பிரித்தாக வேண்டும். அடையாளத்தைப் பார்ப்பதற்காகப் பார்க்கவேண்டிய பொருளையே சிதைப்பது போலாயிற்று.

2008 இல் ஹார்வர்டைச் சேர்ந்த சாலிக், மிச்சிசன் ஆகியோர் அந்த ஐந்தாம் கார்பனில் எத்தைனைல் தொகுதியை வைத்தார்கள். கார்பன் பாடத்தில் நாம் படிக்கும் எத்தைனின் மும்மைப் பிணைப்பேதான் இது. அசைடு தொகுதி கொண்ட ஒரு சிறு சாயத்தைத் தாமிரத்தின் துணையோடு சேர்த்தால், இரண்டும் ‘சொடக்கு’ப் போட்டாற்போல் இணைந்துவிடும். சாயம் சிறியதாதலால் சுருளைப் பிரிக்க வேண்டியதில்லை. இச்சொடுக்கு வேதியியலுக்காக ஷார்ப்லெஸ், மெல்டால், கரோலின் பெர்டோசி ஆகிய மூவருக்கும் 2022 இல் நோபல் பரிசு கிடைத்தது. தாமிரம் உயிரணுக்களுக்கு நஞ்சாகலாம் என்பதால், தாமிரமே இல்லாமல் இவ்வினையை உயிருள்ள அணுக்களில் நடத்திக் காட்டியவர் பெர்டோசி அம்மையார்.

எரியாத விளக்கே எச்சரிக்கை

இவையெல்லாம் பெரிய ஆய்வகங்களின் வேலை, நமக்கென்ன என்று எண்ண வேண்டாம். நாம் சிறுமியராக இருந்த 2020 இல், கொரோனாவுக்காக மூக்கில் பஞ்சுக்குச்சி விட்டுச் செய்த ஆர்.டி.-பி.சி.ஆர். சோதனை நினைவிருக்கிறதா? அதில் பரவலாகப் பயன்பட்ட தேடுதுண்டின் ஒரு முனையில் ஒளிரும் சாயமும், மறுமுனையில் அந்த ஒளியை அடக்கும் மற்றொரு மூலக்கூறும் இருந்தன. ஒன்று விளக்கு, மற்றது மூடி. வைரசின் வரிசை இருந்தால் தேடுதுண்டு அதில் ஒட்டும். படியெடுத்துக்கொண்டு வரும் பாலிமரேஸ் அதை வெட்டித் தள்ளும். விளக்கு மூடியை விட்டுப் பிரிந்து ஒளிரும்.

காசநோயில் இதன் பயன் இன்னும் ஆழமானது. உலகில் காசநோயால் பீடிக்கப்படுவோரில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் இந்தியர். ரிஃபாம்பிசின் என்பது அந்நோய்க்கு முக்கியமான மருந்து. ஆனால் சில கிருமிகளில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தாலும் அம்மருந்து பலிப்பதில்லை. கிருமியை வளர்த்துப் பார்த்து இதை அறிய வாரக்கணக்கில் ஆகும். அதுவரை நோயாளி பலிக்காத மருந்தை உட்கொள்வார். வீட்டிலுள்ள குழந்தைகளுக்கும் நோய் பரவும்.

1996 இல் சஞ்சய் தியாகி, ஃபிரெட் கிரேமர் என்ற இருவர் நியூயார்க்கில் கொண்டை ஊசி வடிவத் தேடுதுண்டு ஒன்றை அமைத்தார்கள். மடிந்திருக்கும்போது விளக்கும் மூடியும் அருகருகே இருப்பதால் ஒளி இராது. இணையைச் சேர்ந்து நிமிரும்போது ஒளிரும். 2010 இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த காசநோய்க் கருவியின் முதல் வடிவத்தில் இத்தகைய ஐந்து தேடுதுண்டுகள், ஐந்து நிறங்களில் இருந்தன. மருந்தின் பலனை முடிவுசெய்யும் 81 எழுத்துப் பகுதியை அவை ஐந்தும் சேர்ந்து பார்த்தன. ஐந்தும் எரிந்தால் கிருமி சாதாரணமானது, மருந்து பலிக்கும். ஏதேனும் ஒன்று எரியாவிட்டால் அங்கே எழுத்து மாறியிருக்கிறது. மருந்தை மாற்றியாக வேண்டும். எரியாத விளக்கே எச்சரிக்கை! இரண்டு மணி நேரத்துக்குள் விடை கிடைத்துவிடும்.

இப்போது நம் இரண்டாம் இலக்கணத்தை மீண்டும் எண்ணிப் பாருங்கள். சாயத்தைத் தவறான இடத்தில் ஒட்டியதால் தேடுதுண்டு தன் இணையோடு சேர இயலாமற்போனால் என்ன ஆகும்? கிருமி சாதாரணமானதாக இருந்தும் விளக்கு எரியாது. நல்ல மருந்தை நிறுத்திவிட்டுக் கடுமையான மருந்தைத் தொடங்குவார்கள். ஓர் அடையாளம் எந்த மூலையில் இருக்கிறது என்ற சிறிய கேள்விக்குப் பின்னால் ஒரு தாயின் அல்லது தந்தையின் உயிர் நிற்கிறது. ஆகவேதான் அந்தச் சாயங்களை, எழுத்து சேரும் நடுப்பகுதியைத் தொடாமல் இரு முனைகளில் மட்டும் வைத்தார்கள்.

முடிவுரை

பாஸ்பரஸ்-32 முதல் சொடுக்கு வேதியியல் வரை நாம் கண்ட முறைகள் பல. கதிர், வைட்டமின், பூச்செடியின் சத்து, வண்ணச் சாயம் என்று ஒட்டிய பொருள்கள் மாறிக்கொண்டே வந்தன. மாறாத கேள்வி ஒன்றுதான்: எங்கே ஒட்டினால் எழுத்து எழுத்தாகவே இருக்கும்? மூலக்கூறின் அமைப்பைப் பொறுமையாகக் கற்றவர்களுக்கே அந்த இடம் புலப்பட்டது. ஐந்தாம் கார்பனுக்குக் காரத்தின் இணைப்பில் வேலை இல்லை என்று அறிந்த பிறகே, ஆபத்தான கதிரியக்கத்தை விட்டு அபாயமற்ற அடையாளத்துக்கு மாற வழி பிறந்தது.

அருமைத் தோழியரே, கார்பன் சேர்மங்களின் பெயர்களையும், எந்தக் கார்பனுக்கு எந்த எண் என்பதையும் மனப்பாடம் செய்யும்போது நமக்குச் சலிப்புத் தோன்றுவது இயல்பே. இதனால் என்ன பயன் என்றும் சில சமயம் கேட்கிறோம். அந்த எண்களுள் ஒன்றான ‘5’ இன்று எத்தனையோ ஆய்வகங்களில் நோயின் எழுத்தைப் படித்துக் காட்டுகிறது. நாளை இன்னும் சிறந்த ஓர் அடையாளத்தை, இன்னும் ஏற்ற ஓர் இடத்தில் வைக்கப்போகிறவள் நம் வகுப்பிலேயே, நம் பக்கத்து இருக்கையிலேயே அமர்ந்திருக்கக் கூடும். ஆர்வத்தோடு கற்போம், கற்றதைப் பிறர் துயர் தீர்க்கப் பயன்படுத்துவோம்.